ஹோல்ட் அண்ணாச்சி கேட்காமல் சொன்ன பதில்

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். 5.40க்குச் சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் கம்பெனி பஸ். 6.20க்கு ஒரகடம், கைரேகை வைத்து உள்ளே. கேன்டீனில் இரண்டு இட்லி, ஒரு வடை. சாம்பாரில் உப்பு குறைவு. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லாத ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ஹோல்ட் அண்ணாச்சிதான் என்று அன்று முற்பகல் 11.10 வரை உறுதியாக நம்பியிருந்தேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்; என்னைவிட இளையவர்தான், ஊரை வைத்து எல்லாருக்கும் அண்ணாச்சி. மண்ணூரில், கல்யாணம் ஆகும்வரை நான்கு பேரோடு வாடகை அறையில் இருந்தார். பிரேக் உதிரிபாகம் செய்யும் எங்கள் ஆலையில், தர ஆய்வுப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். அந்தப் பிரிவின் பதிவேடுகள் என் பொறுப்பு.

நல்லதா கெட்டதா என்று முடிவாகாத பொருளின்மேல் நாங்கள் 'ஹோல்ட்' என்று அச்சிட்ட மஞ்சள் அட்டையைக் கட்டுவோம். அட்டை இருக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அண்ணாச்சி இந்த வழக்கத்தை வாழ்க்கைக்கும் கொண்டுபோனார். ஆண்டவரிடம் கேட்டுப் பதில் வராத எதன்மேலும் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். அட்டைகள் கம்பெனியுடையவை அல்ல, சொந்தக் காசில் வாங்கியவை. விசாரித்துவிட்டேன்.

அறைக்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய ஃப்ரிட்ஜ் பார்த்தார்கள். இவர் அதில் அட்டையைக் கட்டினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தபோது ஃப்ரிட்ஜ் வேறொருவர் வீட்டுக்குப் போயிருந்தது. இன்றும் அங்கே நன்றாக ஓடுகிறது. கேட்டால், "அது அவங்களுக்கு வச்சது" என்பார்.

கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் வைத்தால் உடனே பதில் கிடைக்குமே என்று லைனில் வேலை செய்யும் மூர்த்தி யோசனை சொன்னான். அது சீட்டுக் குலுக்குவது என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். அவர் முறை வேறு. ஜெபம் பண்ணுவார், அன்றன்றைய வேத பகுதியை வாசிப்பார், சபை போதகரையும் தன் அக்காவையும் கேட்பார். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, மனதில் சமாதானமும் வந்தால்தான் அட்டை கழலும்.

கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணின் போட்டோவிலும் அட்டை தொங்கியது. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்து, தானும் ஜெபித்துக்கொண்டுதான் இருப்பதாகவும், அவசரமில்லை என்றும் சொன்னாள். போனை வைக்குமுன் அட்டையைக் கழற்றிவிட்டார்.

ஜூன் 14 அன்று அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. அண்ணாச்சியின் பணி நிரந்தர ஃபைல் மேனேஜர் மேசையில் இருந்தது. கையெழுத்தானால் பிரசவச் செலவுக்குக் கம்பெனி காப்பீடு உண்டு.

அன்று காலை அளவு பார்க்கும் கேஜ் கீழே விழுந்தது. விழுந்த கேஜைச் சரிபார்க்கும்வரை அதில் பார்த்த அளவு செல்லாது என்பது விதி. லாரியோ கேட்டில் நின்றது. மேனேஜர் அண்ணாச்சியிடம் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"சரிபார்த்த கேஜ்ல அளந்ததா சைன் போட்டுடுப்பா. கேஜை நாளைக்குப் பாத்துக்கலாம்."

மூர்த்தி என் காதைக் கடித்தான். "இவரு ஜெபம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள வண்டி துருப்பிடிச்சிடும் சார்."

"முடியாது சார்" என்றார் அண்ணாச்சி. கடிகாரத்தைப் பார்த்தேன். 11.10.

மூர்த்திக்கே அதிர்ச்சி. "இன்னா அண்ணாச்சி, சாமிகிட்ட கேக்கவே இல்ல?"

"பொய் எழுதலாமான்னு அவர்ட்ட எதுக்குடே கேக்கணும்? அதத்தான் ஏற்கெனவே சொல்லிட்டாருல்லா."

வேறு லைனிலிருந்து கேஜ் வாங்கிவந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எல்லாப் பெட்டியையும் அளந்தோம். ஒரு பாகம்கூடத் தவறில்லை. மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது.

"எல்லாம் சரியாத்தானே இருந்துது?"

"இப்பம் தெரிஞ்சிட்டுல்லா சார்."

நிரந்தர ஃபைலை அப்புறம் பார்க்கலாம் என்று மேனேஜர் அதை மேசையிலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில், பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருக்குண்ணே. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லி, மண்ணூர் வரை நிம்மதியாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கேஜ் விழுந்ததை நானும் பார்த்தேன். நீட்டிய காகிதம் என் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. வீட்டுக்குப் போய், இப்படி ஒருத்தர் எங்கள் பிரிவில் இருக்கிறார் என்று மனைவியிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை, இட்லிக்கும் முன்னால், அலுவலகத்தில் பணி நிரந்தரப் பரிந்துரைப் படிவம் ஒன்றை வாங்கினேன். கேஜ் விழுந்தது முதல் கடைசிப் பெட்டி வரை நேரத்தோடு எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். 'இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்' என்ற கட்டம் மட்டும் மீதி இருந்தது. 'உடன் பணிபுரிபவர்' என்று எழுதுவதுதான் முறை. நான் 'என் தம்பி மாதிரி' என்று எழுதினேன். படித்துப் பார்த்ததில் கடைசிச் சொல் அநாவசியமாகப் பட்டது. ஸ்கேல் வைத்து அடித்துவிட்டேன்.