முப்பத்தேழாம் இதழின் வெள்ளைக் குமிழிகளுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரிய 'ஆகாயத் தம்பதி' படக்கதை வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் இதழிலிருந்து ஒன்றுவிடாமல் வாங்கும் வாசகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவியும் நலம். தாங்களும் தங்கள் ஓவியரும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் அச்சகத்தில் ஒருவர் மட்டும் நலமாக இல்லை என்று தெரிந்ததால் இந்தக் கடிதம்.

முப்பத்தேழாம் இதழில் படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்து, பேச்சுக் குமிழிகள் மட்டும் ஓர் எழுத்துகூட இல்லாமல் வெள்ளையாக வந்ததற்கு அடுத்த இதழில் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். 'பொறுப்பற்ற ஊழியர் இடைநீக்கம் செய்யப்பட்டுள்ளார், விசாரணைக்குப் பின் நிரந்தரமாக நீக்கப்படுவார்' என்றும் போட்டிருக்கிறீர்கள். ஐயா, மன்னிப்பு எதற்கு? நான் நன்றி சொல்ல வந்தவன்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன், காலை ஷிஃப்ட். என் மனைவிக்கு மதிய ஷிஃப்ட். எங்கே என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லை. நான் இறங்கும் பஸ்ஸில் அவள் ஏறுவாள். படிக்கட்டில் வீட்டுச் சாவி கைமாறும், கூடவே உங்கள் புத்தகமும் கைமாறும். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பாள், "சரி" என்பேன், கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். அவள் திரும்பும்போது நான் தூக்கம், நான் கிளம்பும்போது அவள் தூக்கம், வார விடுமுறையும் ஆளுக்கொரு நாள். ரெண்டு வருஷக் குடித்தனத்தில் முக்கால்வாசிப் பேச்சு அந்தப் படிக்கட்டோடு சரி. உங்கள் கதையில் புருஷன் பறக்கிறான், பொண்டாட்டி நேரத்தை நிறுத்துகிறாள், ஊரைக் காப்பாற்றிவிட்டு இரண்டு பேரும் மொட்டைமாடி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தாறு வாரம் வயிற்றெரிச்சலோடு படித்தேன். பறக்கிறதைப் பார்த்து இல்லை, உட்கார்ந்து பேசுறதைப் பார்த்து.

அப்போதுதான் வெள்ளைக் குமிழி வந்தது. சும்மா இருக்கட்டுமே என்று, பறந்து வருகிறவன் வாயில் 'எப்படி இருக்கே?' என்று பேனாவால் எழுதிப் பஸ்ஸில் கொடுத்தேன். மறுநாள் அடுத்த கட்டத்தில் பதில்: 'கால் வலிக்குது. நீ?' 'ஆறு மாடி ஏறினேன், ஆறு மாடி இறங்கினேன். பறக்கலை.' 'போன மாசம் உன்னைக் கன்னாபின்னான்னு கத்தினேனே, இன்னும் கோவமா?' 'எப்பக் கத்தினே? நான் தூங்கிட்டில்ல இருந்தேன்.' 'தெரியும். அதான் தைரியமாக் கத்தினேன்.' ஆறு நாளில் ஒரு பக்கம் தவிர மொத்தப் புத்தகத்தையும் பேசித் தீர்த்துவிட்டோம். இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? எழுத்தை விட்டவர்களுக்குத்தானே?

இனி அந்த ஊழியர் விஷயம். அவரை எனக்குத் தெரியாது. நடுநிலையான வெளியாளாகச் சொல்கிறேன். பல மொழிகளில் விற்பதால் படத்தை மொத்தமாக அடித்துவிட்டு எழுத்தைப் பிறகு தனியாக ஏற்றுகிறீர்களாம். ஒரு அடுக்கு எழுத்து ஏறாமலே வந்துவிட்டது. ஏற்றாத மிஷினை விட்டுவிட்டு, கடைசி மேசையில் எண்ணிக் கட்டுகிற பெண்ணைப் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் பெண் இரண்டு மாதம் முன்பு ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது சூப்பர்வைசர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்மா, கதை படிக்கவா வந்தே? எண்ணு, கட்டு, தள்ளு. இன்னொரு தடவை படிச்சே, கேட்டுக்கு வெளிய நின்னு படிச்சுக்கோ." மறுநாள் மேசைக்கு மேலே 'படிக்கக் கூடாது' என்று போர்டு. புத்தகம் அச்சடிக்கிற இடத்தில். பதினோரு மணி நேரம் நின்றுகொண்டே வேலை, இடது குதிகால் வீங்கி செருப்பு நுழையவில்லை. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டால், "உட்கார்ந்தா தூக்கம் வரும்". படித்திருந்தால் வேலை போயிருக்கும், படிக்காததால் வேலை போகிறது. உங்கள் கதாநாயகியே வந்து நேரத்தை நிறுத்தினாலும் இதிலிருந்து தப்ப வழியில்லை. நீக்க வேண்டுமென்றால் அந்தப் போர்டை நீக்குங்கள். அவரை உடனே, இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு, வேலைக்குக் கூப்பிடுங்கள். ஒரு நாள் தாமதமும் அநியாயம்.

தங்கள் தம்பதி கீழே விழாமல் பறக்கவும், தங்கள் இதழ் ஆயிரத்தைத் தொடவும் வாழ்த்தி, ஓவியருக்கும் எழுத்து ஏற்றுகிறவர்களுக்கும் வணக்கம் சொல்லி முடிக்கும்,

லிஃப்ட்காரன்.

பின்குறிப்பு: இதை என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டாள். "தெரியாதுன்னு எழுதிட்டு என் குதிகால் வரைக்கும் எழுதியிருக்கே. அவங்களுக்கு இது கூடவா புரியாது?" என்கிறாள். ஆமாம் ஐயா, அந்தப் பெண் இவள்தான். ஐந்து நாளாக நான் இறங்கும் பஸ்ஸில் அவள் ஏறுவதில்லை. நிறுத்தத்தில் நிற்கிறாள், சேர்ந்தே வீட்டுக்கு நடக்கிறோம். வேலை அவசியம் வேண்டும், ஸ்டூலோடு வேண்டும். ஆனால் மேலே 'உடனே' என்று எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். திங்கட்கிழமை போதும். முப்பத்தேழாம் இதழின் அந்தக் கடைசிப் பக்கத்தில், மொட்டைமாடியில் இருவரும் உட்கார்ந்திருக்கும் கட்டத்தில், குமிழிகள் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன. எழுத நேரமில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.