படிக்கட்டில் வாய் திறப்பவர்கள்

கூட்டத்தில் பேசுகிறவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சத்தம் அதிகம் என்பதால் அவர்கள் எல்லோர் கண்ணிலும் சீக்கிரம் பட்டுவிடுகிறார்கள். நான் சொல்லப்போவது வேறொரு இனம். கூட்டம் நடக்கும்வரை இவர்கள் வாயில் பிஸ்கட் இருக்கும். கூட்டம் முடிந்து, நாற்காலிகளைத் தள்ளி, மின்விசிறியை அணைத்து, எல்லோரும் படியிறங்கத் தொடங்கியதும், சரியாக மூன்றாவது படியில் இவர்களுக்குப் பேச்சு வரும். என்ன பேச்சு! புள்ளிவிவரம் வரும், நியாயம் வரும், கண்ணீர்கூட வரும். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். கதவோர நாற்காலி இவர்களுடையது. கையில் கொடுத்த தாளில் ஒரே பக்கத்தை ஏதோ பிழை கண்டுபிடித்தவர்கள்போல் அரை மணிநேரம் பார்ப்பார்கள். பேசலாம் என்று கையைத் தூக்குவார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அதே கையால் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். கருத்துக் கேட்டால், "எல்லாரும் சொல்றதுதான்" என்பார்கள். அதுவரை யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த இனத்தில் நான் முதல் தரம். வெட்கத்தோடு சொல்கிறேன், வேறு எப்படியும் எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் பகுதித் தாய்சேய் நல நிலையத்துக்கு அரசு மானியம் வரலாம் என்றார்கள். வசதியில்லாத பகுதிகளில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் நன்றாக இருக்கவேண்டும் என்று தருகிற பணம். ஆனால் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்; அதில் 'தாய்மார்களைக் கலந்து பேசினோம்' என்று காட்டவும் வேண்டும். கலந்து பேச ஒரு தாய் தேவைப்பட்டாள். நர்ஸம்மா என்னைக் கைகாட்டினார். எனக்கு இரண்டு வயதில் பிள்ளை. தையற்கடைக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுப்பதால் பகலில் கிடைப்பேன். யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. ஒரு பிரதிநிதிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

என் தங்கைக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை, காலை ஏழு மணி முதல் மாலை நாலு வரை நின்றபடி. நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்ப்பதோ செவ்வாயும் வியாழனும், பத்திலிருந்து ஒரு மணிவரை. ஒரு நாள் லீவு கேட்டதற்கு மேற்பார்வையாளர், "புள்ள பொறந்தப்புறம் வா, எடம் இருந்தா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக அவள் பரிசோதனைக்கே போகவில்லை.

"அக்கா, வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் பாக்கச் சொல்லு. ஒரே ஒரு வரி. சொல்லிடுவ இல்ல?"

"சொல்லாம பின்ன? அதுக்குத்தானே போறேன்."

"நீயா?" என்றாள். என்னோடு இருபத்து மூன்று வருடம் இருந்தவள்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். ஒரு பொத்தானுக்கு ஒரு தடவை அந்த வரியைச் சொல்லிச் சொல்லித் தைத்தேன். அந்த வாரம் போன சட்டைகளில் ஒரு பொத்தான்கூடத் தெறித்திருக்காது.

நிலையம் மாடியில் இருக்கிறது. கர்ப்பிணிகளைப் பார்க்கும் இடத்தை மாடியில் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். அதை எதிர்த்தவரும் படியிறங்கும்போதுதான் எதிர்த்திருப்பார்.

மேசையைச் சுற்றி நாலு பேர். திட்ட அதிகாரி, நர்ஸம்மா, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுகிற குமாஸ்தா, கதவோரம் நான். அதிகாரி, காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு பெரிய திரை வைக்கலாம் என்றார். அதில் காலை முழுக்கச் சத்துள்ள உணவைப் பற்றிப் படம் ஓடும். அந்தக் காலை நேரத்தில் பார்க்கவேண்டியவர்கள் எல்லாம் வேலையில் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பார்க்கப் போவது நாற்காலிகள்தான்.

"தாய்மார் சார்பா நீங்க சொல்லுங்கம்மா."

மூன்று பேர் திரும்பினார்கள். ஆறு கண்கள். என் வரி தொண்டைவரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"நல்லாருக்கு சார்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில், "இன்னும் பெருசா இருந்தாலும் நல்லாருக்கும்" என்றேன்.

குமாஸ்தா எழுதினார்: 'தாய்மார்களின் பிரதிநிதி முழுமனதுடன் வரவேற்றதோடு, திரையின் அளவைக் கூட்டுமாறும் கேட்டுக்கொண்டார்.'

மூன்றாவது படியில் என் வாய் திறந்தது. "நர்ஸம்மா, திரைய வச்சு என்ன பண்றது? எங்க பொம்பளைங்க காலையில எங்க இருக்காங்க, யார் வீட்டுப் பாத்திரத்துல, யார் துணியில? வாரத்துல ஒரு சாயங்காலம் தொறந்து வச்சா முப்பது பேர் வருவாங்களே!"

நர்ஸம்மா நின்றுவிட்டார். "எனக்கும் மூணு வருஷமா அதான் தோணுது. சாயங்காலம் வர நான் ரெடி. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

பின்னால் இறங்கிய அதிகாரி தொண்டையைச் செருமினார். "உண்மையச் சொல்லணும்னா எனக்கே அந்தத் திரை பிடிக்கலம்மா. மேலிடத்துக்குப் போட்டோ எடுத்து அனுப்ப ஒரு பொருள் வேணும். சாயங்காலத்த எப்படிப் போட்டோ எடுக்கிறது?"

பார்த்தீர்களா? நான் ஒருத்திதான் இந்த இனம் என்று நினைத்திருந்தேன். மேசையைச் சுற்றி இருந்தது முழுக்க எங்கள் ஆட்கள்.

"அப்ப நோட்டுல மாத்தி எழுதுங்க சார்" என்றேன் குமாஸ்தாவிடம்.

"படியில பேசினதெல்லாம் செல்லாதும்மா. கூட்டத்துல பேசணும்."

எல்லோரும் மறுபடி மேலே ஏறினோம். மின்விசிறியைப் போட்டோம். உட்கார்ந்தோம். குமாஸ்தா பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க" என்றார் அதிகாரி. நர்ஸம்மா மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினார். நான் பிஸ்கட் எடுத்தேன். அதிகாரி ஜன்னலைப் பார்த்து, "வேற ஒண்ணுமில்லன்னா முடிச்சுக்கலாம்" என்றார். முடித்துக்கொண்டோம்.

மூன்றாவது படியில் மறுபடி மூவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம்.

"அடக் கடவுளே!" குமாஸ்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை ஏற என் முட்டி தாங்காது. இங்கயே சொல்லித் தொலைங்க, எழுதிக்கிறேன்."

எழுதினார். புதன்கிழமை தோறும் மாலை ஐந்து முதல் எட்டு. சோதனை முறையில் அடுத்த வாரமே ஆரம்பித்தால் விண்ணப்பத்துக்குப் பலம் என்று அதிகாரி சொன்னார், படியில் நிற்கும் தைரியத்தில். 'கூட்டம் நடந்த இடம்' என்ற கட்டத்தில் குமாஸ்தா கொஞ்சம் யோசித்து, 'கூட்ட அறைக்கு அருகில்' என்று போட்டார். திரையைப் பற்றி முன்பு எழுதியதை மட்டும் அடிக்கவில்லை. அது மேலே, முறையான கூட்டத்தில், முறையாகப் பேசப்பட்டதாயிற்றே.

மூன்றாவது புதனன்று தங்கையை அழைத்துப் போனேன். அதற்குள் எட்டு மாதம் முடிந்திருந்தது. கூடம் நிறைந்து பெண்கள். சிலர் வேலை செய்த ஈரம் காயாத உடையோடு. நர்ஸம்மா எடை பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்டார்.

"எல்லாம் சரியாருக்கு. வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் தங்கை, முகம் நிறையச் சிரிப்போடு.

மூன்றாவது படியில் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நேத்துலேருந்து புள்ள அசையிறது கம்மியாருக்கு. முந்தியெல்லாம் இஸ்திரி போடவே விடாது, அப்படி உதைக்கும்."

"அடிப்பாவி! இத உள்ள சொல்றதுக்கென்ன?"

"அவங்கதான் எல்லாம் சரின்னாங்களே. எத்தனை பேர் காத்திருக்காங்க, நான் வேற எதுக்குன்னு…"

எனக்கு வந்த கோபத்தில், இதை அவளிடம் கேட்கிற நான் யார் என்பதுகூட மறந்துபோயிற்று. அவளை இழுத்துக்கொண்டு ஏறினேன். கூடத்தில் அத்தனை பேர் பார்க்க, "நர்ஸம்மா, புள்ள அசையலயாம்!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

நர்ஸம்மா அந்த நிமிடமே வண்டிக்குச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். இன்னும் தள்ளியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. குழந்தை ரொம்பச் சின்னது. ஆனால் வெளியே வந்ததுமே அழுதாளாம். எங்கள் குடும்பத்தில் யாரும் கருத்துக் கேட்காமலே வாய் திறந்த முதல் பெண் அவள்தான்.

மானியமும் பிறகு வந்தது. திரையும் வந்தது, நான் கேட்டுக்கொண்ட அளவில்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாமெல்லாம் அப்படியில்லை என்ற நிம்மதி உங்கள் முகத்தில் தெரிகிறது. இருக்கட்டும். போன தடவை டாக்டர், "வேற ஏதாவது?" என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? சரி, அந்த மீதியை வரும் வழியில் யாரிடம் சொன்னீர்கள்?