ஒன்பது மணித் தேர்வுக்கு நாலே காலுக்குக் கிளம்பியவன்

ஏப்ரல் பதினேழு, வியாழக்கிழமை, விடியற்காலை நாலே காலுக்கு வெண்டெல் க்ராட்ஸ் தன் விடுதி அறையைவிட்டுக் கிளம்பினான். போக வேண்டிய கட்டடம் புல்வெளிக்கு அந்தப் பக்கம், அறுநூறு அடி தூரம். தேர்வு ஒன்பது மணிக்கு.

சிரிக்காதீர்கள். வெண்டெல் ஓர் ஆள் அல்ல, ஓர் இனம். முன்னேற்பாட்டுக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் முளைக்கக்கூடிய இனம்தான். ஆனால் நெப்ராஸ்காவில், ஆனர்ஸ் படிப்பையும் ராணுவ அதிகாரிப் பயிற்சியையும் ஒரே முதுகில் சுமக்கும் மாணவர்களிடையே அது கொழுகொழுவென்று வளர்கிறது. ஐந்தரைக்கு மூட்டையோடு ஓட்டம், எட்டுக்குத் தத்துவ வகுப்பு, பத்துக்கு வரைபடம் படிப்பது, பன்னிரண்டுக்குத் தலைமைப் பண்பு பற்றிய கருத்தரங்கு, சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு, அது நனைந்துவிட்டால் எடுக்க நனையாத இன்னொரு குறிப்பேடு. 'சாப்பிட்டாயா?' என்று கேட்டால், 'ஆம், திட்டமிட்டபடி' என்று பதில் வரும். இவர்களோடு யார் குடித்தனம் நடத்துவது?

இவர்களின் வேதம் ஒரே வரி: பதினைந்து நிமிடம் முன்னால் வந்தவனே நேரத்துக்கு வந்தவன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பெரிய படைப்பிரிவான பட்டாலியன் ஆறு மணி என்று சொன்னால் அதற்குக் கீழே உள்ள கம்பெனி ஐந்தேமுக்கால் என்று சொல்லும், அதற்கும் கீழே உள்ள பிளாட்டூன் ஐந்தரை என்று சொல்லும், அடுத்தவன் ஐந்தே கால் என்பான், கடைசியில் குளிரில் நிற்கிற முதலாண்டுப் பையனுக்கு அது எந்த நாளின் ஆறு மணி என்றே மறந்துபோயிருக்கும்.

அந்த வேதத்தில் அன்று சிக்கியவள் கரீன் ஸ்டோல்லி. ராணுவத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் ஆமைக்காரி. நெடுஞ்சாலையைக் கடக்கும் ஆமைகளை நான்கு வருடம் எண்ணியவள். அன்றுதான் ஆனர்ஸ் வாய்மொழித் தேர்வுக்குக் கடைசி நாள். பேராசிரியர் தெல்மா ரஸ்க் கையெழுத்துப் போட்டால் ஆனர்ஸ் பட்டம். அந்தப் பட்டம் இருந்தால்தான் ஜூனில் மொன்டானா ஆராய்ச்சி நிலையத்தில் இடம். ரஸ்க் ஒன்பதரைக்குத் தேர்வை முடித்துக்கொண்டு ஒமாஹா விமான நிலையத்துக்குப் புறப்படுகிறார், பட்டமளிப்பு முடிந்துதான் திரும்புவார். வெண்டெலுக்கும் அதே அறை, அதே பேராசிரியர், அதே ஒன்பது மணி. மாணவர் பிரதிநிதி என்ற முறையில் எல்லோருக்கும் நேரத்தைத் தெரிவிக்கும் பொறுப்பும் அவனுக்கே. இனி என்ன வேண்டும்?

கரீனிடம் ஏழு மணி என்று சொல்லிவிட்டான். ஏழுக்கு அவள் வந்தபோது கட்டடத்தின் பின்புறப் புல்வெளியில் அவன் மண்டியிட்டுக் கிடந்தான். தரையில் சிவப்பு நூலால் ஓர் அறை கட்டியிருந்தான். பழுப்பு அட்டைத் துண்டுகள்தான் மேசை. நடுவில் ஒரு பெரிய பைன் மரக் காய்.

"என்னடா இது?"

"ஒத்திகை. இது வாசல். இது நீ. நடந்து வா."

"அந்தக் காய்?"

"ரஸ்க் மேடம்."

"கொஞ்சம் சின்னக் காயா பாத்திருக்கலாம். அவங்களுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் ஃபெயில் பண்ணிருவாங்க."

"சிரிக்காத. வலது காலை முதல்ல வை."

ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் நூலுக்குள் நுழைந்து பைன் காய்க்கு வணக்கம் சொன்னாள். கையில் உணர்ச்சியே இல்லாத குளிர். ஏன் போகவில்லை என்கிறீர்களா? இந்த இனத்தின் குரலில் ஒரு நிச்சயம் இருக்கும். அதன் முன்னால் நம் கைக்கடிகாரமே நமக்குச் சந்தேகமாகத் தோன்றும்.

எட்டே முக்காலுக்கு இருவரும் அறைக்குள் பெருமையாக நுழைந்தார்கள். அறை காலி. மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு: 'எட்டே காலுக்கு வரச் சொன்னீர்கள். வந்தேன். பதினைந்து நிமிடம் இருந்தேன். போகிறேன். ரஸ்க்.'

எங்கள் வளாகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆசிரியர் பதினைந்து நிமிடத்தில் வராவிட்டால் மாணவர்கள் எழுந்து போகலாம். முப்பது வருடமாக அதைப் பொறுத்துக்கொண்ட ரஸ்க், அன்று முதல்முறையாக அதைத் தானே பயன்படுத்திக்கொண்டார்.

"எட்டே கால்னு சொன்னியா? ஏன்டா?"

"புரொபசருங்க எப்பவும் முக்கால் மணி லேட்டா வருவாங்க. அதைக் கழிச்சுச் சொன்னேன்."

"அவங்க சொன்ன நேரத்துக்கே வந்துட்டாங்களே!"

"அதை எதிர்பார்க்கல," என்றான் வெண்டெல், உண்மையாகவே புண்பட்டு. பிறகு நிமிர்ந்தான். "பதறாத. முதல்ல நிலைமையை அலசுவோம். நமக்கு மூணு வழி இருக்கு." பலகையில் கோடு போட ஆரம்பித்தான்.

அவனுடைய ஆய்வேட்டின் தலைப்பு, 'நெருக்கடியில் உடனடி முடிவெடுத்தல்'. நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

கரீன் இரண்டாவது வழிக்குக் காத்திருக்கவில்லை. ஓடினாள். அலுவலகம் பூட்டியிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் ரஸ்க்கின் பச்சைக் கார் நின்றது, ஆள் இல்லை. உணவகத்தின் ஜன்னல் ஓரத்தில், இலவங்கப்பட்டை ரோலைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துத் தின்றபடி ரஸ்க் உட்கார்ந்திருந்தார்.

"மேடம்..." மூச்சு வாங்கியது.

"ஆமைப் பொண்ணா? ரோல் தீர்ற வரைக்கும் டைம் இருக்கு. சொல்லு, அதுங்க ஏன் ரோட்டைக் கடக்குது?"

நின்றபடியே சொன்னாள். மணல், முட்டை, ஈரம், வடக்குச் சரிவு, எல்லாவற்றையும். இரண்டு சுற்று ரோல் மிச்சமிருக்கும்போது நிறுத்தினாள். "பாதி ஆமைங்க ஏன் போகுதுன்னு தெரியல மேடம். நாலு வருஷம் பாத்தேன். தெரியலன்னுதான் எழுதியிருக்கேன்."

ரஸ்க் விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "அந்த இன்னொருத்தன் எங்க?"

"திட்டம் போடறான் மேடம்."

"அஞ்சு நிமிஷம். கூட்டிட்டு வா."

திரும்பவும் ஓடினாள். பலகை நிறைந்திருந்தது. மூன்று வழி ஆறாகியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் கீழே சாதகம், பாதகம்.

"வாடா! கேன்டீன்ல இருக்காங்க!"

"ரெண்டே நிமிஷம். ஆறாவது வழியோட பாதகம் மட்டும் பாக்கி."

"செத்தாலும் நீ திருந்த மாட்ட. வா!"

வந்தான். உணவக வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பச்சைக் கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"நீ உத்தரவு இல்லாம ஓடிட்ட," என்றான் வெண்டெல். அதன்பின் பட்டமளிப்பு வரை அவளோடு பேசவில்லை. மே மாதம் ஆனர்ஸ் இல்லாத பட்டத்தோடு லெப்டினென்ட் ஆனான். முப்பது பேர் அவன் சொல்லும் நேரத்துக்கு எழுந்தார்கள், பாவம். கரீன் மொன்டானா போனாள்.

நீங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி. போன முறை ஊருக்குப் போனபோது ஒன்பது மணி ரயிலுக்கு எத்தனை மணிக்கு நடைமேடையில் நின்றீர்கள்? வீட்டில் எத்தனை மணி என்று சொல்லி எல்லோரையும் கிளப்பினீர்கள்? தண்ணீர் பாட்டில் எங்கே என்று யாரிடம் கத்தினீர்கள்? எனக்குப் பதில் வேண்டாம். உங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

இரண்டு வருடமும் நான்கு மாதமும் கழித்து, கரீன் முழங்கால் அளவு சேற்றில் நின்றபோது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. ராணுவக் கட்டளை எழுதும் முறைப்படி ஐந்து தலைப்பில் இருந்தது.

'ஒன்று, நிலைமை: அன்று தப்பு என்னுடையது. இரண்டு, நோக்கம்: மன்னிப்புக் கேட்பது. மூன்று, செயல்முறை: இதோ கேட்டுவிட்டேன். நான்கு, தேவையான பொருள்கள்: ஒன்றுமில்லை. ஐந்து, தொடர்பு: நேரம் கிடைக்கும்போது பதில் போடு. அவசரமே இல்லை.'

கண் கலங்கி, சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் பதில் அடிப்பதற்குள் இரண்டாவது செய்தி வந்தது.

'பாத்தியா?'