திருமுல்கேரியில் இமயமலை எழுந்த கதை

தனியாக இருக்கிறவனிடம் அவன் வேலையைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவான். நான் சொன்னேன், ஒரு வீட்டின் மீன் குழம்பு வீணாயிற்று.

எழுபதுகளில் செகந்திராபாத்தை அடுத்த உப்பலில், பூமியை ஆராயும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வரைபடம் வரைபவனாக இருந்தேன். நாள் முழுக்கக் கடலின் தரையை வரைவேன். (நான் கடலைப் பார்த்ததே மெரினாவில், முழங்கால் ஆழம் வரைதான்.) விஞ்ஞானிகள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள், மற்றவர்கள் தெலுங்கில். ஞாயிற்றுக்கிழமைகளில் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போய், மெட்ராஸ் வண்டியிலிருந்து இறங்குகிறவர்களின் தமிழைக் கேட்டுவிட்டு வருவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்படி நின்ற ஒரு நாள், உறவினரை அழைக்க வந்திருந்த ஜெபராஜ் அண்ணன் என்னைக் கவனித்துவிட்டார். திருநெல்வேலிக்காரர், பாலாநகர் தொழிற்சாலையில் வேலை. "யாரக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கிய தம்பி?" என்றார். யாரையும் இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். அந்த ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் என்னைக் கூப்பிட்ட முதல் வீடு அது.

திருமுல்கேரியில் இருந்த அவர் வீட்டில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, மேலே ஒரே விரிப்பு விரித்திருந்தார்கள். சரியாக நடுவில் அண்ணனின் மனைவி எஸ்தர் அக்காவின் மீன் குழம்புச் சட்டி. என்ன வேலை என்று அக்கா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார். எட்டு மாதமாகத் தேங்கியிருந்த தமிழ் மடை உடைந்தது. பூமியின் மேலோடு பல தட்டுகளாக உடைந்திருக்கிறது, நகம் வளரும் வேகத்தில் அவை நகர்கின்றன, கடலுக்கடியில் இரண்டு தட்டுகள் விலகுகிற இடத்தில் பாறைக் குழம்பு மேலே வந்து புதுத் தரையாகிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். எப்படி விலகும் என்று அண்ணன் கேட்டார். எழுந்து ஒரு மேசையை இழுத்தே காட்டினேன்.

நகம் வளரும் வேகத்தில் அல்ல. சட்டி விரிப்போடு பள்ளத்தில் இறங்கியது. பதறிப்போய் மேசையைத் திரும்பத் தள்ளினேன். இந்தியா போய் ஆசியாவை முட்டியபோது, நடுவில் கிடந்த கடல்தரை இப்படித்தான் மடிந்து இமயமாக எழுந்தது. விரிப்பும் மடிந்து எழுந்தது. சட்டி அதன் உச்சியிலிருந்து அண்ணனின் வெள்ளைச் சட்டைமேல் சாய்ந்தது. (இமயத்தின் மேலே கடல் உயிர்களின் புதைபடிவங்கள் உண்டு. அன்று விரிப்பின் மேலும் மீன் கிடந்தது.) அவர்களுடைய பத்து வயது மகள் ரூத் மட்டும் அந்த ஊர் உருதுவில் வாயைத் திறந்தாள். "நக்கோ அங்கிள், சமஜ் மே ஆகயா." போதுமாம், புரிந்துவிட்டதாம்.

சாப்பிடாமலே ஓடிவந்தேன். அண்ணன் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அடுத்த நான்கு ஞாயிறும் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. கிடைத்த ஒரே வீட்டையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று அறையில் படுத்துக்கொண்டு அழுதேன்.

ஐந்தாவது ஞாயிறு, உப்பலில் விசாரித்துக்கொண்டு அண்ணனே என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு மேசையவும் சேத்து ஆணி அடிச்சாச்சு தம்பி. பயப்படாம வாங்க."

இன்றும் அந்த வீட்டில் நான் பேச ஆரம்பித்தால், ரூத்தின் பிள்ளைகளில் ஒருவர் குழம்புச் சட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். அப்புறம்தான் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லுங்க" என்கிறார்கள்.