ஆட்சேபணை இல்லாத கார்

புதுக் கார் வாங்குகிறவன் வெறும் பயணி. பழைய பிரிட்டிஷ் கார் வாங்குகிறவனே நாகரிக மனிதன். இதை மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் கிளம்பிய அன்றே ஊர் போய்ச் சேருகிற ரகம். அவர்கள் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அவ்வாறு நாகரிகம் எய்தியவர்களில் தலையாயவர் கணக்குத் தணிக்கை அலுவலகத்தின் கண்காணிப்பாளர். அலுவலகத்தில் அவருக்கு ‘ஆட்சேபணை’ என்று பெயர். அவர் மேஜைக்கு வந்த எந்தக் கோப்பும் ஆட்சேபணைக் குறிப்பு இல்லாமல் திரும்பியது கிடையாது. மின்விசிறி கேட்டால் ‘ஜன்னல் இருப்பது பரிசீலிக்கப்பட்டதா?’ என்று எழுதுவார். ஜன்னல் கேட்டால் ‘சுவருக்கு என்ன குறை?’ என்பார். ஒருமுறை தன் சொந்த விடுப்பு விண்ணப்பத்திலேயே ‘காரணம் திருப்திகரமாக இல்லை’ என்று எழுதிவிட்டு, காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். அப்பேர்ப்பட்டவர் ஒரு காரை மறுபேச்சில்லாமல் வாங்கினார் என்றால், அந்தக் காரின் மகிமையைச் சொல்லவும் வேண்டுமா?

நடந்தது இதுதான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் பல் டாக்டரிடம் போயிருந்தார். டாக்டர் ஈறில் ஊசியைப் போட்டு, “மரத்துப் போகட்டும் சார். அதுவரைக்கும் வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்” என்று பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே எதையோ மூடியிருந்த போர்வையை, தூங்கும் குழந்தையின் மேலிருந்து எடுப்பதுபோல மெல்ல விலக்கினார்.

நீண்ட மூக்கு. இரண்டே கதவு. கரும்பச்சை நிறம். உள்ளே, மெருகேறிய மரப்பலகையில் வட்ட வட்டமாக மீட்டர்கள். தோல் இருக்கையிலிருந்து பழைய நூலகத்தின் வாசனை வந்தது.

“கிராண்ட் டூரர்” என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. “பிரபுக்கள் ஓட்டினது சார். காலையில கிளம்பினா, மூணு நாடு தாண்டித்தான் சாப்பிடவே நிறுத்துவாங்களாம்.”

ஆட்சேபணைக்கு உடனே ஒரு டஜன் கேள்விகள் தோன்றின. ஆனால் வாய் பாதி மரத்திருந்தது.

“கீழ என்ன ஒழுகுழு?”

“ஆயில் சார். ஒழுகறதுதான் ஒழுக்கம்.”

“வழ்ழி ஓழுமா?”

“ஓடறதுக்காகவா சார் இதை வாங்குவாங்க?” என்று டாக்டர் வருத்தத்தோடு கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஆட்சேபணையிடம் பதில் இல்லை. இருந்திருந்தாலும் வாய் ஒத்துழைத்திருக்காது. மாடு வாங்குகிறவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான் என்பது உலக வழக்கம். இங்கே விற்கிறவர் வாங்குகிறவரின் பல்லைப் பிடித்துப் பார்த்திருந்தார். வியாபாரம் முடிந்து சாவியைக் கொடுக்கும்போது டாக்டரின் கண் கலங்கியது. பிரிவுத் துயரம் என்று நினைத்து ஆட்சேபணை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பல்லைப் பிடுங்க இருவருமே மறந்துவிட்டார்கள்.

வண்டி ஒரு லாரியின் மேல் ஏறி வீட்டுக்கு வந்தது. பிரபுக்கள் நடந்து வருவதில்லை அல்லவா?

ஆட்சேபணையின் மனைவி, பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். கழுத்தில் விசில் தொங்கும். கால் எப்போதும் அரை ஓட்டத்தில் இருக்கும். அவளிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. வலைப்பந்துகள், கயிறுகள், காலில் அடிபட்ட மாணவிகள், முழங்கால் வலிக்காரியான தன் அம்மா என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு அலைவாள். வீட்டில் கொட்டகை ஒன்றுதான். எனவே சின்னக் கார் விற்கப்பட்டது.

“அது ஒரு நாள்கூட நின்னதில்லையேங்க!” என்றாள் மனைவி.

“அதைத்தான் சொல்றேன். சாவியைப் போட்டா ஓடுது. அதுல என்ன இருக்கு? ஒரு ஆச்சரியம் உண்டா, ஒரு திருப்பம் உண்டா?”

மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் பள்ளிக்குப் போனாள்.

கார் வந்த பிறகு ஆட்சேபணையின் ஆளுமை அபாரமாக வளர்ந்தது. தினமும் காலையில் பானெட்டின் மேல் காதை வைத்துக் கேட்பார். இருமல், செருமல், விக்கல், முனகல் என்று எஞ்சின் எழுப்பும் அத்தனை ஒலிகளையும் பிரித்தறியக் கற்றார். அதே வாரங்களில் மாமியார் இரண்டு நாள் விடாமல் இருமிக்கொண்டிருந்தார்; அது எஞ்சின் இல்லை என்று உறுதியானதும் மருமகன் நிம்மதியாகத் தூங்கப் போனார்.

வண்டியின் மின்சார ஏற்பாடு தத்துவார்த்தமானது. ஹாரனை அழுத்தினால்தான் வைப்பர் அசையும். அதனால் மழைநாளில் அவர் நிறுத்தாமல் ஹாரன் அடித்தபடி போவார். தெருவே ஒதுங்கி வழிவிடும். மரியாதை கூடியிருப்பதாக அவர் மகிழ்ந்தார்.

வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் உண்மையை ஒளிக்காதவர். “குணமாகும்னு சொல்ல முடியாது சார்” என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “கஷ்டப்படாம பார்த்துக்கலாம். அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா நிறுத்தாதீங்க. யார் கூப்பிட்டாலும் நிறுத்தாதீங்க.”

ஆட்சேபணை இப்படிப்பட்டவர்களுக்கென்றே இருந்த பழம்பெரும் கார் உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன். மாதாந்தரக் கூட்டத்துக்கு எல்லாரும் பஸ்ஸில் வருவார்கள். காரில் கிளம்பினால் அடுத்த மாதக் கூட்டத்துக்குத்தான் வர முடியும். ‘உதிரிபாகம் வந்து சேரும்வரை உறுப்பினர்கள் நம்பிக்கை இழக்காதிருப்பதென’ ஒவ்வொரு கூட்டத்திலும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும்.

அந்தச் சங்கம் ஆண்டு மாநாட்டை மலைமேல் ஒரு விடுதியில் கூட்டியது. மனைவிக்கும் பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு மலையைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. பஸ்ஸில் போகலாம் என்றாள். ஆட்சேபணை தன் பழைய வழக்கப்படி ஆட்சேபித்தார்.

“கிராண்ட் டூரரை வீட்ல வெச்சுக்கிட்டு பஸ்ல டூர் போறதா? ஊர் சிரிக்கும்.”

“ஊர் ஏற்கனவே தள்ளிக்கிட்டே சிரிக்குதுங்க” என்றாள் மனைவி. பிறகு பெருமூச்சு விட்டாள். “சரி. இந்த ஒரு தடவை இது எங்களை ஒழுங்கா மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். அப்புறம் இந்த வண்டியைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலை.”

“சேர்க்கலேன்னா?”

“அப்பவும் பேச மாட்டேன்” என்றாள். ஆட்சேபணைக்கு இரண்டுமே லாபமாகத் தெரிந்தது.

கிராண்ட் டூரருக்குப் பின்சீட்டு உண்டு. கால்களை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரும் உறவினர்களுக்காக அது அமைக்கப்பட்டிருக்கிறது. மாமியாரை முதலில் பக்கவாட்டிலும், பிறகு குறுக்காகவும், கடைசியில் மடித்தும் உள்ளே வைத்தார்கள்.

“மாப்ளே, நான் எப்படி இறங்கறது?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“போய்ச் சேரட்டும் அத்தை, யோசிப்போம்.”

வண்டி மலையடிவாரம் வரை போயிற்று. இது வரலாறு. அங்கே, ஏற்றம் தொடங்கும் முன் சமமாக நீண்ட சாலையில், ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. ஆட்சேபணை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை அவ்வளவு கனிவோடு பார்த்ததில்லை.

அவள் இறங்கினாள். செருப்பைக் கழற்றிக் காருக்குள் போட்டாள். விசிலை வாயில் வைத்து, இரண்டு கையையும் வண்டியின் பின்னால் ஊன்றித் தள்ளினாள். மாவட்டப் போட்டியில் குண்டெறிந்த கை அது. விசில் ஊதிற்று, வண்டி நகர்ந்தது, உருண்டது, உறுமியது. ஸ்டார்ட் ஆகிவிட்டது!

ஆட்சேபணையின் கண்ணில் நீர் துளிர்த்தது. மெக்கானிக்கின் வாக்கு காதில் ஒலித்தது. நிறுத்தவில்லை. முதல் வளைவில் திரும்பினார், இரண்டாவதில் ஏறினார். எஞ்சின் பாடியது. சற்று நேரத்தில் பின்பக்கத்திலிருந்து புதிதாக ஒரு சத்தம் கிளம்பியது. விட்டு விட்டுக் கீச்சென்று ஒலித்தது. அவர் தலையைச் சாய்த்துக் கூர்ந்து கேட்டார்.

“பின்சக்கர டிஃபரன்ஷியலா இருக்கும்” என்று முணுமுணுத்தார். “கிரீஸ் பத்தலை.”

“அவ ஏறலை மாப்ளே! அவ ஏறலை!” என்று அந்த டிஃபரன்ஷியல் மலை உச்சி வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது.

விடுதி வாசலில் ஒரு கார் ஓடி வந்து நின்றதைக் கண்டு மாநாடு அதிர்ந்தது. உறுப்பினர்களின் முகத்தில் சந்தேகம் படர்ந்தது.

“ஓடுதா?” என்றார் கேப்டன். “அப்ப அசல் பாகம்தானா? புதுசா எதையாவது போட்டுட்டீங்களா?”

எல்லாரும் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார்கள். ஆயில் சொட்டியது. ஐயம் நீங்கியது. கேப்டன் ஆட்சேபணையைக் கட்டிக்கொண்டார். சங்க வரலாற்றில் முதல் முறையாகச் சுழற்கோப்பை சங்கப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ‘பிறர் உதவி ஏதுமின்றி, சொந்த பலத்தில் மாநாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரே வாகனம்’ என்று கேப்டன் ஒலிபெருக்கியில் வாசித்தார். புகைப்படம் எடுப்பதற்காக எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். பெருமை மிகுதியில் ஆட்சேபணையும் அணைத்துவிட்டார்.

“இந்த வெற்றிக்கு ஒருத்தர் மட்டும் காரணமில்லை” என்று அவர் ஏற்புரையைத் தொடங்கினார். “என் மெக்கானிக்குக்கு நன்றி. இதை எனக்கு விட்டுக்கொடுத்த பல் டாக்டருக்கு நன்றி…”

அப்போதுதான் மலைப் பஸ் வாசலில் வந்து நின்றது. வெறுங்காலோடு அவர் மனைவி இறங்கினாள். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். வழியெல்லாம் கதை கேட்டிருப்பார்கள் போலிருந்தது.

அவள் கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள்.

“ஏங்க, நான் வண்டியில இல்லேன்னு உங்களுக்கு எப்பத்தான் தெரிஞ்சுது?”

ஆட்சேபணை பொய் சொல்லத் தெரியாதவர். கோப்பையைக் கையில் பிடித்தபடி நேர்மையாக யோசித்தார்.

“மேட்டுல வண்டி என்னவோ லேசா ஏறுச்சு. கார்புரேட்டர் தானா சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்.”

உறுப்பினர்கள் புரிந்துகொண்டு தலையசைத்தார்கள். “எந்த வளைவிலேர்ந்து சார் லேசாச்சு?” என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

மனைவி காரிடம் போனாள். முன்சீட்டைச் சாய்த்தாள். உள்ளே குனிந்து அம்மாவை முதலில் குறுக்காகவும், பிறகு பக்கவாட்டிலும் இழுத்து வெளியே நிறுத்தினாள்.

மாமியார் புடவையைச் சரிசெய்துகொண்டு கேப்டனைப் பார்த்தார். “கொஞ்சம் வழி விடுங்க. டிஃபரன்ஷியல் போகணும்.”

மலையை அரைமணி நேரம் அம்மாவும் பெண்ணுமாகப் பார்த்தார்கள். மேகம் நன்றாக இருப்பதாக மாமியார் சொன்னார். பஸ் திரும்பக் கிளம்பத் தயாரானபோது மனைவி காரிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து நடந்தாள்.

“இந்தாம்மா! ஒரு நிமிஷம்!”

ஆட்சேபணை ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. சங்கமே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர்கூட விசில் ஊதாமல் காத்திருந்தார். மனைவியின் முகம் மெல்ல இளகியது.

“சொல்லுங்க.”

“கோவிச்சுக்காதே. எஞ்சினை அணைச்சுட்டேன். போறதுதான் போறே… ஒரே ஒரு தள்ளு தள்ளிட்டுப் போயிடேன்!”

அவர் கேட்டது ஒரே ஒரு தள்ளு. அவர் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அவரையே தள்ளி வைத்துவிட்டாள்.