அண்ணன் படர்க்கைக்குப் போன விவரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். உன் மூக்கின் நலமறிய ஆவல்.

குத்துச்சண்டையில் தோற்ற முகத்தோடு வீட்டுக்கு வரமாட்டேன், விடுதியிலேயே இருந்துவிடுகிறேன் என்று நீ பயிற்சியாளரிடம் சொல்லியனுப்பியதிலிருந்து, உன்னோடு போனில் பேசச் சொல்லி அம்மா என்னை நச்சரிக்கிறாள். போனை எடுத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீ தாராளமாக வரலாம். இங்கே உன்னை யாருக்கும் தெரியாது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நடந்ததைக் கேள்.

காலிறுதியில் நீ ஜெயித்த மறுநாள் நான் வேலை பார்க்கும் தையல்கடை மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், நாம அடிச்சோம் பாருங்க ஒரு குத்து, அவன் பொத்துனு விழுந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுகிறவர் அவர். உன் அரைக்கால் சட்டையைத் தைத்தது எங்கள் கடை என்பதால் குத்தில் தனக்கும் பங்குண்டு என்று நினைத்தார், நானும் காஜா எடுத்துக்கொண்டே தலையாட்டினேன், கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் என்னடாவென்றால் நம்ம வீட்டுப் பையன் நம்ம வீட்டுப் பையன் என்று தெருமுனைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்து, போன வருஷம் நாம் ரிப்பேர் செய்யச் சொன்ன குழாயை அன்றைக்கே சரிசெய்து கொடுத்தார், அப்பாவோ என் பையன், என் ரத்தம் என்று சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அரையிறுதியை எல்லாரும் வீட்டுக்காரர் கூடத்தில்தான் பார்த்தோம். நடுவர் மற்றவன் கையைத் தூக்கியதும் வீட்டுக்காரர் எழுந்து டிவியை அணைத்தார். அப்பாவைப் பார்த்து, "என்னங்க, உங்க பையன் இப்படிப் பண்ணிட்டான்" என்றார்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "உன் பையன்கிட்ட அப்பவே சொன்னேன், இடது கையைத் தூக்கிப் பிடிடான்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். உன்னைத் தள்ளிவிட எனக்கு ஆளில்லை. பின்னால் சுவர்தான் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஒரு பாடம் நடத்தினார்கள். அப்போது மண்டையில் ஏறவில்லை. இப்போது தெருவே நடத்திவிட்டது. ஜெயித்தால் தன்மை: ஜெயிச்சோம். தோற்ற அன்று முன்னிலை: தோத்துட்டீங்க. விடிந்தால் படர்க்கை: தோத்துட்டானாமே. அந்த 'ஆமே'யைக் கவனி. கூடவே உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் எங்கேயோ கேள்விப்பட்டதுபோலச் சொல்கிறார்கள்.

மாஸ்டர், யாரும் கேட்காமலே, அந்த அரைக்கால் சட்டைக்கு எலாஸ்டிக் போட்டது வெளிக்கடையில் என்கிறார். கடைச் சுவரில் உன் படத்தைக் கழற்றிவிட்டார்கள், ஆணியில் இப்போது அளவு நாடா தொங்குகிறது. வீட்டுக்காரர் உன்னை முதலில் மாடியில குடியிருக்கிறவங்க பையன் ஆக்கினார், அப்புறம் மாடிக்காரங்க பையன், நேற்று வெறும் மாடி. குழாய் மறுபடி ஒழுகுகிறது, அதற்கு நீ காரணமில்லை.

அம்மா மட்டும் நீ ஜெயித்தபோதும் "அவன் எப்ப வர்றான்?" என்றாள், தோற்றபோதும் "அவன் எப்ப வர்றான்?" என்றாள். அவளுக்கு நீ எப்போதுமே படர்க்கைதான்.

ஆகையால் பஸ்ஸிலிருந்து இறங்கி நடுத்தெருவிலேயே நடந்து வா. யாரும் நிறுத்தமாட்டார்கள். உன்னைக் கண்டதும் எல்லாருக்கும் செல்போனில் அவசர வேலை வந்துவிடும்.

அப்பா ஆசி சொல்லச் சொன்னார், யார் பையனுக்கு என்று சொல்லவில்லை. அம்மா, மூக்கில் ஐஸ் வைக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதை நம்பி வந்துவிடாதே. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வீட்டுக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். உன்னை அடித்தவன் இறுதிப் போட்டியிலும் ஜெயித்துச் சாம்பியன் ஆகிவிட்டானாம். "சாம்பியன் கையால அடி வாங்கியிருக்கோம், லேசுப்பட்ட விஷயமா? ஃபைனல்ல மோதினவன் முதல் ரவுண்டுலயே படுத்துட்டான், நாம கடைசிவரைக்கும் நின்னோம்" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டார். அப்பா தன் மூக்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தனக்கே வலிப்பதுபோல. வாசலில் பேனர் கட்டுகிறார்கள், உன் வீங்கிய முகத்தைப் பெரிதாகப் போட்டு. இப்போது வந்தால் உன்னை மாடிக்கு விடமாட்டார்கள், அம்மா உன் முகத்தைப் பார்க்கவே வரிசையில் நிற்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாம்பியனுக்கு யாரோ வெளிநாட்டுக்காரனோடு போட்டியாம். அதில் அவன் தோற்றால் தெரு காலியாகிவிடும், மறுநாளே கிளம்பி வா. இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "நம்ம வெளிநாட்டுக்காரன் நல்லாக் குத்துவான்ல?"