வடிசாலையில் மிஞ்சிய ஒற்றைக் கதிரை

வாருங்கள் என் குஞ்சுகளே, கிட்ட வாருங்கள். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளியைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டு, வசதியாக இருந்துகொள்ளுங்கள். குருதி சொட்டாத, எச்சில் மட்டும் சொட்டிய ஒரு பெரும்போரின் கதையைச் சொல்லப்போகிறேன். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு கதிரைக்காகப் பொருதிய கதை. பொருதினார்கள் என்றதும் ஆளையாள் தள்ளிவிட்டு இருக்கப் பார்த்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள், செல்லங்களே. அப்படியென்றால் அதில் கொஞ்சமாவது புத்தி இருந்திருக்கும்.

வெண்ணுரையே, வாழி! பொன்னிறப் பெருக்கின் தலைமேல் மணிமுடியென வீற்றிருப்பவளே, ஆடவர் மீசையில் அரைக்கணம் குடியிருந்து அவர்தம் அறிவை அன்றிரவு முழுதும் குடிபெயர்ப்பவளே, உன் துணையின்றி இக்கதை நகராது. ஆயினும் என் நாவில் வந்து தங்காதே, தாயே. தள்ளி நின்று அருள் செய்!

டெனிஷ் நாட்டு வைலே குடாக்கடலின் வாடைக்காற்றை மார்பால் மறித்தவன், பன்றியிறைச்சித் தொழிற்சாலையின் குளிரறைகளை முப்பதாண்டு ஆண்டு ஓய்ந்தவன், முழங்கால் மூட்டு இரண்டிலும் இடியோசை கொண்டவன், முன்னே வயிறும் பின்னே புகழும் சூழ நடப்பவன், மகேந்திரராசா எனும் மாவீரன் வாழ்க! கோவில் திருவிழாவின் கார்த் தரிப்பிடத்திலும், பிறந்தநாள் மண்டபங்களின் பின்கதவடியிலும், செத்தவீட்டு வாசலிலுங்கூட அவன் முழங்கிய முழக்கம் ஒன்றுண்டு: "இஞ்சை சுத்துவட்டாரத்திலை பியர் வடிக்கிற இடமெல்லாம் எனக்கு உள்ளங்கை மாதிரி. எது திறம் எண்டு என்னட்டைக் கேளுங்கோ!" கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மூக்கை உள்ளே விட்டு, "பின்னாலை ஒரு தோடம்பழ வாசம் வருது" என்று அவன் திருவாய் மலரும்போது சுற்றி நிற்பவர்கள் வாய்பிளந்து நிற்பார்கள். வீட்டுச் சொதிக்கு உப்புப் போடாததைக் கடைசிவரை கண்டுபிடிக்காத நாக்கு அது என்பதை அவன் மனையாள் தவமணி மட்டுமே அறிவாள்.

அவனுக்கு எதிர்நின்ற பெருவீரனையும் பாடவேண்டும் அல்லவா? விபோர்க் நகரத்துக் குணபாலசிங்கம், பேருந்துச் சாரதி, அளந்து பேசுபவன், அளக்காமல் குடிப்பவன். அவன் மகள் மிதுஷாவுக்கும் நம் வீரனின் மகன் ஜதுர்சனுக்கும் ஆவணியில் கலியாணம். சம்பந்தி ஆகப்போகிறவர்கள். மண்டபத்து விருந்துக்கு எந்தப் பியரை எடுப்பது என்ற மாபெரும் அரசியல் கேள்வி எழுந்தபோது, "நீங்கள் ஒருக்கா வைலேக்கு வாருங்கோ அண்ணை. நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்" என்று மகேந்திரராசா சூளுரைத்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, பிள்ளைகளே. இருவரும் பியருக்கு உயிரை விடுபவர்கள். ஆனால் சம்பந்தியின் முன்னால் குடிகாரன் என்று பெயரெடுத்தால் கலியாண வீட்டில் தலைநிமிர முடியுமா? ஆகவே "எனக்கு உது பெரிசாப் பிடிக்கிறேல்லை, கலியாணத்துக்காகத்தான்" என்று இவன் சொல்ல, "எனக்கும் அப்பிடித்தான், உங்களுக்காகத்தான் வந்தனான்" என்று அவன் சொல்ல, பொய்யும் பொய்யும் கைகுலுக்கிக்கொண்டன.

சனிக்கிழமை காலை சேனை புறப்பட்டது. தேர் ஓட்டியவள் தவமணி. பக்கத்தில் குணபாலசிங்கத்தின் மனையாள் ஞானேஸ்வரி, மடியில் ஒரு பெட்டி கடலை வடையோடு. பின்னிருக்கையில் இரண்டு மகாரதர்கள், முழங்கால் நெஞ்சைத் தொட.

முதற்கோட்டையான வடிசாலை துறைமுகத்தருகே இருந்தது. ஆயிரம் பேரையும் தாங்கும் என்று வீரன் புகழ்ந்த அந்தக் கூடத்தின் கதவில் யாரோ ஒருவரின் அறுபதாவது பிறந்தநாளுக்கான பலூன்கள் ஆடின. அழைப்பில்லாதார்க்கு உட்பிரவேசம் இல்லை. இரண்டாங்கோட்டை கிரைஸ் பள்ளத்தாக்கின் மரங்களுக்குள்ளே பதுங்கியிருந்தது. அங்கே தகரப் பேணியில் அடைத்து விற்பார்களாம், இருந்து குடிக்க இடமில்லையாம். "போன முறை மேசை போட்டிருந்தவங்கள்" என்று வீரன் முணுமுணுத்தான். போன முறை என்பது எந்த யுகம் என்று எவரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் பல்லுப் பிடுங்கவும் நாள் குறிக்க வேண்டும், பாட்டனைப் பார்க்கவும் நாள் குறிக்க வேண்டும். ஆனால் நம் வீரர்கள் ரெலிபோன் எடுத்து இடம் சொல்லி வைப்பார்களோ? "நாங்கள் நேரை போய் நிண்டால் தரமாட்டாங்களே?" என்பதுதான் அவர்களுடைய போர்த்தந்திரம். முழுப்படையும் அதை நம்பித்தான் புறப்பட்டிருந்தது.

இப்படியாக நாவரண்டு, மானம் பாதி வடிந்து, பழைய அரசர்கள் கல்லில் பேர் வெட்டிவைத்த ஜெலிங் போகும் வழியில், முன்னொரு காலம் மாட்டுக்கொட்டிலாக இருந்த மூன்றாம் வடிசாலையை அடைந்தார்கள். அன்றைக்கு இதைவிட்டால் வேறில்லை. பெண்கள் காரில் இருந்துவிட, ஆண்கள் உட்புகுந்தார்கள். உள்ளே செம்புக் கொப்பரைகள் மின்ன, நீள மேசை நெடுக டெனிஷ்காரர் தோளோடு தோளாக வீற்றிருக்க, ஒவ்வொருவர் முன்னும் ஒரு பலகை, பலகை மேல் ஆறு சின்னக் கிண்ணங்கள், ஆறிலும் ஆறு நிறத்தில் அமுதம்! தோலாடை கட்டிய கியர்ஸ்டன் எனும் நெடுமகள், அந்த வடிசாலையின் தலைவி, வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு இடம்தான் இருக்கிறது. இருப்பவருக்குத்தான் பலகை. இப்போது தொடங்கப்போகிறோம்."

அடுப்படி ஓரம், செம்மறித் தோல் விரித்து, காலியாகக் கிடந்தது அந்தக் கதிரை. அதைக் கண்ட மகேந்திரராசாவின் முழங்கால்கள் அழுதன. குணபாலசிங்கத்தின் தொண்டை அழுதது. ஆனால் முதலில் போய் இருப்பவன் யார்? இருந்தவன் குடிக்க வந்தவன், நின்றவன் கண்ணியவான். மூண்டது போர்!

"இருங்கோ அண்ணை," என்று முதல் அம்பை எய்தான் மகேந்திரராசா. "வீட்டுக்கு வந்த ஆள் நிக்க நான் இருக்கிறதோ?"

அம்பை வாயாலேயே முறித்தான் குணபாலசிங்கம். "என்ன கதை கதைக்கிறியள்! மாப்பிள்ளை பகுதி நிக்கப் பொம்பிளை பகுதி இருக்கிறதோ? ஊர் சிரிக்கும். நீங்கள் இருங்கோ."

"எனக்கு நிண்டாத்தான் சுகம். டொக்டரும் நிக்கச் சொன்னவர்."

"நான் கிழமை முழுக்க பஸ்ஸிலை இருக்கிறனான். இருந்து இருந்து இடுப்பு, நாரி எல்லாம் விட்டுப்போச்சு. இருங்கோ எண்டுறன்!"

மதம்பிடித்த இரு களிறுகள் மத்தகத்தோடு மத்தகம் மோதுவதுபோல, உபசாரத்தோடு உபசாரம் மோதிற்று. ஒருவன் தோளைப் பிடித்து அமுக்க, அமுக்கப்பட்டவன் வில்லாய் வளைந்து நிமிர, நிமிர்ந்தவன் இடுப்பைப் பிடித்துத் திருப்ப, திருப்பப்பட்டவன் கதிரையின் முதுகைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்க, செம்மறித் தோல் நிலத்தில் விழ, மேசை நெடுக இருந்த டெனிஷ்காரர் கிண்ணத்தை ஏந்தியபடி, இது இவர்கள் நாட்டு நடனமாக்கும் என்று மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கியர்ஸ்டன் வந்தாள். மகேந்திரராசாவை நேருக்கு நேர் பார்த்து, "நீங்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அவனுடைய குலமும் கோத்திரமும் முழங்கால் வலியும் ஒன்றாய்த் திரண்டு அவன் நாவில் ஏறி, "நை, தக்" என்றன. வேண்டாம், நன்றி. குணபாலசிங்கத்தைக் கேட்டாள். அவனும் "நை, தக்" என்றான், இன்னும் பெரிதாகச் சிரித்துக்கொண்டு. ஐயோ, என் குஞ்சுகளே! நம்முடைய ஆட்கள் முதல் தரம் வேண்டாம் என்பது பழக்கம், இரண்டாம் தரம் வேண்டாம் என்பது மரியாதை, மூன்றாம் தரம் கையைப் பிடித்து இருத்தினால்தான் மனம் குளிரும். டெனிஷ்காரரோ வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும் இரக்கமற்ற இனம். அவள் தலையசைத்தாள். திரும்பிப் போனாள். இரு வீரரும் மூன்றாம் அழைப்புக்காக அவள் முதுகைப் பார்த்து நின்றார்கள். அது வரவேயில்லை.

வந்தவள் ஞானேஸ்வரி. காரில் இருந்து இருந்து அலுத்து, மடியிலிருந்த பெட்டியும் கையுமாகக் கழிப்பறை தேடி உள்ளே வந்தவள், திரும்பும் வழியில் நிலத்தில் கிடந்த செம்மறித் தோலை எடுத்துத் தட்டிக் கதிரையில் விரித்தாள். கியர்ஸ்டன் அவளையும் கேட்டாள், அதே ஒரு தரம். வயோதிபர் இல்லத்தில் டெனிஷ்காரரோடு நெடுங்காலமாக வேலை செய்பவள் அவள். அங்கே "நை, தக்" என்று மரியாதை பார்த்து எத்தனையோ மத்தியானம் கேக் இல்லாமல் போனவள். "யா, தக்" என்றாள். இருந்தாள்.

பலகை வந்தது. வைத்ததை மிச்சம் விடுவது பாவம் என்று வளர்ந்த பெண். பக்கத்துக் கிழவர் கிண்ணத்தை உயர்த்தி, கண்ணைப் பார்த்து "ஸ்கோல்" என்று வாழ்த்துச் சொல்ல, அவளும் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். முதற்கிண்ணம் வீழ்ந்தது. இரண்டாவது வீழ்ந்தது, முகம் சுழித்தபடி. மூன்றாவதில் புருவம் உயர்ந்தது. நான்கும் ஐந்தும் ஆறும், தேர் காலாள் குதிரையென ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. இடையில் பெட்டியைத் திறந்து கிழவருக்கு ஒரு வடையும் கொடுத்தாள். கண்ணியவான்கள் இருவரும் சுவரோடு சுவராக நின்று எச்சிலை விழுங்கினார்கள்.

"மூண்டாவது நல்லம்," என்று தீர்ப்புரைத்தாள் ஞானேஸ்வரி. "கலியாணத்துக்கு அதைச் சொல்லுங்கோ. மற்றதெல்லாம் பாவக்காய் அவிச்ச தண்ணி."

"அதிலை பின்னாலை ஒரு தோடம்பழ வாசம்..." என்று தொடங்கினான் மகேந்திரராசா.

"நீங்கள் குடிக்கேல்லையே அண்ணை," என்றாள் அவள், மிகுந்த அன்போடு.

அந்தச் சொல்லில் முடி கவிழ்ந்தது, கொடி சாய்ந்தது, உள்ளங்கையில் இருந்த வடிசாலைகள் யாவும் விரலிடுக்கால் ஒழுகிப்போயின. இப்போதெல்லாம் வைலேயில் எவருக்காவது நல்ல பியர் தெரிய வேண்டுமென்றால் விபோர்க்குக்கு ரெலிபோன் எடுத்து ஞானேஸ்வரியைத்தான் கேட்கிறார்கள்.

காரடியில் தவமணி இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "என்ன முகம் இப்பிடிக் கிடக்கு? கதிரை கடிச்சதோ?" திரும்பும் வழியில், வீரசுவர்க்கம் மறுக்கப்பட்ட அவ்விரு பெருந்தகையும், ஞானேஸ்வரி முன்னிருக்கையில் மெல்லக் குறட்டை விட, பெற்றோல் நிலையத்து வாசலில், குளிரில், நின்றபடியே கடுதாசிக் குவளையில் கோப்பி குடித்தார்கள்.

என் கண்மணிகளே, உங்கள் வாசலில் நல்ல கால்கள் ஏறட்டும், உங்கள் அடுப்பு குளிராதிருக்கட்டும், உங்கள் பிள்ளைகளின் கலியாணங்கள் சண்டையில்லாமல் நடக்கட்டும், "இருங்கோ" என்று நீங்கள் சொன்னவர்கள் சொன்னதும் இருக்கட்டும்.

வருபவர் எல்லாருக்கும் வீட்டில் கதிரை காணுமாயிருக்கட்டும்.